ஓஸ் பொருத்துவதில் சிக்கனம் வேண்டாம்

நீர்மூழ்கி மோட்டாருக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிடும் விவசாயி, அதில் ஓஸைப் பொருத்தும் கிளிப்புக்குச் செலவிடத் தயங்குகிறார். சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடும் வழக்கத்தை எலவனாசூர்கோட்டை வட்டாரக் கிணற்றுப் பாசன விவசாயிகள் அறவே கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

2 அங்குல ஓஸில் மீட்டருக்குச் சுமார் 2 கிலோ தண்ணீர் நிற்கும். நீர்மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் ஏற்றினால் 40 கிலோ. அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தமும் உண்டு. இதைக் கட்டுக்கம்பி தாங்காது. ஓஸை அறுக்கும், பிடியும் நழுவும்.

ஓஸின் முனையை வெந்நீரில் இளக்கி, நிப்பிளில் முழுவதும் ஏற்றவும். துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகள் இரண்டை, திருகுகள் எதிரெதிராக இருக்கும்படி முடுக்கவும். உவர்நீர்க் கிணறுகளில் சாதாரண இரும்புக் கிளிப் விரைவில் துருவேறி அறும். மோட்டாரின் எடையைக் கயிறுதான் தாங்க வேண்டும். ஓஸிலோ கேபிளிலோ தொங்கவிடலாகாது. கேபிளைச் சற்றுத் தளர்வாகவே ஓஸுடன் சேர்த்துக் கட்டவும்.

எல்லாவற்றிலும் பெரிது உயிர். ஸ்டார்ட்டரை நிறுத்தினால் போதும் என எண்ணக் கூடாது. ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால், மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானே ஓடும். மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தம்மிடமே வைத்துக்கொண்ட பின்னரே கிணற்றில் இறங்க வேண்டும். எர்த் இணைப்பையும் சரிபார்த்துக்கொள்ளவும்.

மோட்டார் விற்போரும் இரு கிளிப்புகளையும் கயிற்றையும் மோட்டாருடன் சேர்த்தே கொடுப்பது நன்று. கேட்டு வாங்குவது விவசாயிகளின் கடமை.