நீ இன்னாம்மா துன்ன?

கைக்குழந்தையின் கன்னம் சிவந்து தடித்தால் பொத்தேரிப் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். எந்த சோப்பு போட்டார்கள், அப்பாவுக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பால் கொடுக்கிறவளின் வாய்தான் விசாரிக்கப்படும். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை எல்லாம் 'கரப்பான் பண்டம்' என்று தட்டிலிருந்து போய்விடும். மிஞ்சுவது பூண்டுக் குழம்பு. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 அறுவை சிகிச்சை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தையல் ஆறாத உடம்புக்குத்தான் இந்தப் பத்தியம்.

பாட்டிகளின் அறியாமை என்று, இங்கே மருத்துவம் படிக்கும் தங்கைகள் சிரிக்க வேண்டாம். 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியும் இதையேதான் சொன்னது. ஒவ்வாமை உள்ள குடும்பமென்றால் குழந்தைக்கு முட்டை 2 வயதில், வேர்க்கடலை 3 வயதில். பாலூட்டும் தாயும் வேர்க்கடலையைத் தொடக் கூடாது. 2008-இல் போதிய ஆதாரமில்லை என்று பின்வாங்கினார்கள். 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள். 4 முதல் 11 மாதத்துக்குள் சேர்க்கப்பட்டவர்களில் ஒரு பாதிக்கு வாராவாரம் வேர்க்கடலை உணவு, மறுபாதிக்கு அறவே இல்லை. 5 வயதில் பார்த்தால், தவிர்த்தவர்களில் 100-க்கு 17 பேருக்குக் கடலை ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 3 பேருக்குத்தான். புண்பட்ட தோல் வழியே நுழையும் உணவுத் துகளை உடம்பு பகையாக நினைக்கிறது, வாய் வழியே வந்தால் பழகிக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஆக, பார்க்க வேண்டியது குழந்தையின் தோலை. இத்தனை ஆண்டு வாயைக் கட்டிய பெண்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

சில குழந்தைகளுக்குத் தாய் குடித்த பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. அதைச் சில வாரம் நிறுத்திப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும், கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல.

படித்தவர்களின் குற்றச்சாட்டு வேறு மாதிரி: "ஒழுங்காகத் தாய்ப்பால் கொடுத்திருந்தால் அலர்ஜி வந்திருக்காது." தாய்ப்பால் வயிற்றுப்போக்கிலிருந்தும் நிமோனியாவிலிருந்தும் காக்கும், சந்தேகமில்லை. உணவு ஒவ்வாமையைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இல்லாத சான்றை வைத்து ஒரு பெண்ணை எப்படிக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்?

அதுவும் எந்தப் பெண்ணை? 2017 சட்டத் திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஜிஎஸ்டி சாலையோரம் ஒப்பந்தத்தில் கூட்டித் துடைக்கிற, பேக்கிங் செய்கிற பெண் வயிறு தெரியத் தொடங்கியதும் வேலையை விட்டு நிற்கிறாள். பிறகு சீக்கிரமே திரும்புகிறாள், வேறு ஒப்பந்ததாரரிடம், புதிய ஆளாக. அவள் குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்ததை எண்ணிச் சொல்ல ஆள் இருக்கிறது. காப்பகம் எங்கே என்று அந்த நிறுவனத்தைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஆறு மாதம் ஆனதும் வேர்க்கடலையை மைய அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். முழுக் கடலை கூடாது, தொண்டையில் சிக்கும். கடும் கரப்பான் இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு இழுப்பு இருந்ததா என்று அங்கேயாவது கேட்பார்கள்.