சீதபேதி: பழி தாய்மேல் அல்ல!

வீட்டில் ஒருவர் சீதபேதியில் படுத்தால், அவர் தேறுவதற்குள் இன்னொருவர் படுக்கிறார். கூலி போகிறது, கடன் ஏறுகிறது. ‘உடம்புச் சூடு’ என்கிறார்கள் சிலர். ‘சுத்தம் தெரியாத ஜனங்கள்’ என்று ஏசுகிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு.

இது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் வேலை. அவற்றில் ஒன்று அமீபா. ருஷ்யாவில் லோஷ் என்ற டாக்டர் ஓர் ஏழை விவசாயியின் மலத்தில் இதைக் கண்டு, 1875-இல் விவரித்து எழுதினார். குடலில் குடியிருக்கும் இந்தக் கிருமி, கெட்டியான ஓட்டைப் போர்த்திக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. ஈர மண்ணிலும் தண்ணீரிலும் பல நாள் உயிரோடு கிடக்கும். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையில் ஒட்டும். அந்தக் கை சோறு பிசையும். பானைக்குள் விட்ட விரலோடு குடிதண்ணீரில் இறங்கும். ஈயும் சுமந்து வரும்.

நோயாளியிடமிருந்து மட்டுமா பரவுகிறது? இல்லை. 1913-இல் மணிலாவின் பிலிபிட் சிறையில் வாக்கர், செல்லார்ட்ஸ் என்ற இருவர் 20 கைதிகளுக்கு இந்தக் கிருமியை விழுங்கக் கொடுத்தார்கள். 18 பேர் குடலில் அது குடியேறியது. பேதி கண்டதோ 4 பேருக்குத்தான். மற்றவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டே கிருமியைச் சுமந்தார்கள். நம் வீட்டிலும் அப்படியே. ஆகவே படுத்தவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது. வீட்டார் அனைவரின் மலத்தையும் சோதித்து, கிருமி உள்ள அனைவருக்கும் மருந்து தரவேண்டும். போக்கு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் முழுதும் சாப்பிடுங்கள்.

குடிதண்ணீரைக் கொதிக்க வையுங்கள். சாதாரண அளவு குளோரினுக்கு இந்த ஓடு அசையாது. பேதி கண்டவர் சமைக்க வேண்டாம். குழந்தைக்குக் கழுவியதும், சோற்றில் கை வைக்குமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுவது? லைன் முழுவதுக்கும் ஒரே குழாய் என்றால், ஒரு குடத்துக்கு நெடுநேரம் காத்து நிற்கும் தாய் பத்து முறை கை கழுவ முடியுமா? கக்கூசு இல்லாத ஊரில் வாய்க்கால் கரைதானே கதி? ஆலையில் குடிநீர், கக்கூசு, கைகழுவும் இடம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. நாற்று நடும் பெண்ணுக்கு அந்தச் சட்டம் எதையும் விதிக்கவில்லை. அவளும் அந்தச் சேற்றுக் கையோடுதான் கஞ்சி குடிக்கிறாள்.

தோழர்களே! வீட்டில் செய்வதை நாம் செய்வோம். தெருவுக்குக் குழாய், வீட்டுக்குக் கக்கூசு, மலச் சோதனைக்கு அருகிலேயே ஆஸ்பத்திரி: இவற்றைப் பஞ்சாயத்திலும் ஆலை வாசலிலும் சேர்ந்து நின்று கேட்போம். நம்மைக் கை கழுவச் சொல்பவர்கள், தங்கள் பொறுப்பைக் கைகழுவ விடக்கூடாது!