மூன்று மணி நேரப் பிரயாணம்

மோரீஷஸ் தீவின் விமான நிலையத்திலிருந்து டீகோ கார்ஷியா விமான தளத்திற்கு ஆகாய மார்க்கமாகத் தூரம் சுமார் 2,150 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானத்திற்கு இது ஏறக்குறைய மூன்று மணி நேரப் பிரயாணம். எனினும், டீகோ கார்ஷியாவில் பிறந்து மோரீஷஸில் மூப்படைந்த ஒரு கிழவர், டிக்கட் வாங்கிக்கொண்டு தம் ஊருக்குப் போக முடியாது. அங்கே இறங்குவது ராணுவ விமானங்களும் ராணுவம் அனுமதித்த விமானங்களுமே.

சாகோஸ் தீவுக் கூட்டம் மோரீஷஸைச் சேர்ந்தது. மோரீஷஸுக்குச் சுதந்திரம் வழங்குமுன், 1965 நவம்பரில், பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தனியே பிரித்தெடுத்துக்கொண்டார்கள். மறு வருஷமே ராணுவ உபயோகத்திற்காக அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்தார்கள். 1968 முதல் 1973 வரை, ஆப்பிரிக்க அடிமைகளும் இந்தியாவிலிருந்து சென்ற கூலியாட்களும் மூதாதையராகக் கொண்ட அந்த ஜனங்கள் அனைவரும் அகற்றப்பட்டனர். வெளியூர் சென்றவர்கள் திரும்ப வரக் கப்பல் மறுக்கப்பட்டது. எஞ்சியவர்கள் கொப்பரைக் கப்பலில் ஏற்றப்பட்டனர். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விஷப்புகையிட்டுக் கொன்றார்கள்.

நியாய ஸ்தலங்களின் கதையும் விசித்திரமானது. 2000-த்தில் லண்டன் ஹைகோர்ட்டு தீவினருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2004-ல் பார்லிமெண்டின் விவாதத்திற்கே விடாமல், ராணியின் உத்தரவொன்றால் அதைச் செல்லாக்காசாக்கினர் மந்திரிகள். 2008-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அவ்வுத்தரவை அங்கீகரித்தனர். மூவர் ஒரு பக்கம், இருவர் மறு பக்கம்! 2019-ல் சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது சட்ட விரோதமென அபிப்பிராயம் கூறிற்று.

2025 மே 22-ல் கையொப்பமான உடன்படிக்கை, தீவுகளின் ஆதிபத்தியம் மோரீஷஸுக்கே என்கிறது. டீகோ கார்ஷியாவை 99 வருஷ குத்தகைக்கு பிரிட்டனிடம் விடுகிறது. மற்றத் தீவுகளில் ஜனங்களைக் குடியேற்றலாமாம். தாராளந்தான்! ஆனால் அத்தீவுகளில் விமானம் இறங்க இடமேது? ஓடுபாதை இருப்பது டீகோ கார்ஷியா ஒன்றில்தான். அதுவும் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது. அங்கிருந்து பெரோஸ் பானோஸ் தீவு 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மோரீஷஸிலிருந்து கப்பலில் போவதென்றால் நாட்கணக்காகும். பிரசவ வேதனைப்படும் ஸ்திரீக்கும் ஜ்வரங் கண்ட குழந்தைக்கும் அது போதுமா?

ராணுவ இரகசியம் கெடுமென்பார்கள். பிலிப்பைன்ஸ் தேசத்து வேலையாட்கள் அத்தளத்தில் காலங்காலமாய் வேலை செய்து வருகிறார்கள். 2021 அக்டோபரில் கடலில் தத்தளித்த இலங்கைத் தமிழ் அகதிகளை அங்கே கொண்டு சேர்த்து, மூன்று வருஷத்திற்கு மேல் வேலிக்குள் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் அவ்வாறு அடைத்து வைத்தது சட்ட விரோதமென அப்பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இத்தனை அந்நியர் காலடி பட்டும் குலையாத இரகசியம், மண்ணின் மைந்தர் கால் வைத்தால் குலைந்துவிடுமா?

ஆகவே மோரீஷஸ் சர்க்கார் குத்தகைப் பணத்தோடு திருப்தியடையலாகாது. வாரம் ஒரு விமானமேனும் தீவினரை ஏற்றிக்கொண்டு டீகோ கார்ஷியாவில் இறங்கவும், அங்கிருந்து மற்றத் தீவுகளுக்குப் படகு செல்லவும் எழுத்து மூலமான உரிமை பெறவேண்டும். அங்கே பிறந்தவர்களில் உயிரோடிருப்போர் தொகை வருஷந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது.