இழுப்பு நோயும் தலைவிதியும்

அறுபது வயது கடந்த ஒருவர் இராத் தூக்கமின்றி உட்கார்ந்து இரைத்துக் கொண்டிருந்தால், "வயதானால் அப்படித்தான், எல்லாம் தலைவிதி" என்று சொல்லிவிட்டு வீட்டார் போர்த்திப் படுத்துக் கொள்ளுகிறார்கள். நாற்பது வருஷம் விறகடுப்பை ஊதிப் புகை விழுங்கின கிழவிக்கும், பீடியை விடாத கிழவனுக்கும் மூச்சுக்குழல் சுருங்கினதில் பூர்வஜென்மக் கர்மத்துக்கு என்ன வேலை என்று கேட்கின்றோம்.

இன்னும் பலர் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், மிருகசிரா கார்த்தி என்று நாள் பார்த்து, ஐதராபாத்துக்கு ரயிலேறி மருந்தடைத்த உயிர்மீனை விழுங்கி வருகிறார்கள். மருந்தில் என்ன இருக்கிறதென்றால் 'பரம்பரை ரகசியம்' என்பதே பதில்.

ரகசியமில்லாத இன்ஹேலரோ 1956 முதலே விற்பனையில் இருக்கின்றது. சல்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் என்றால், இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம்தான். இரண்டு அழுத்தம் எடுத்தாலும் இருபதில் ஒரு பங்கே. மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால் கைநடுக்கமும் படபடப்பும் குறைகின்றன. அப்படியிருந்தும் இதைக் "கடைசிக்கட்ட மருந்து, பழகினால் விடாது" என்று பயமுறுத்துகிறார்கள்.

நிற்க, வாங்கினவர்களும் அதை மந்திரக்கோல் போலவே பாவிக்கின்றார்கள். வாயில் வைத்து அழுத்தினால் போதுமென்றிருக்கின்றார்கள். மருந்து நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகின்றது. பிறகு "இங்கிலீஷ் மருந்தும் கேட்கவில்லை" என்று பூசாரியிடம் ஓடுகின்றார்கள். காரணம் தெரியாமல் செய்வது எதுவும், விஞ்ஞானம் கொடுத்ததானாலும், சடங்கேயாகும்.

முறை இதுதான்: குழலைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராத முதியோர் ஸ்பேசர் என்ற கூட்டைப் பொருத்திக் கொள்ளலாம். பொடி மருந்துக் கருவி வேறு. அதைக் குலுக்காமல் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்தானால் பின்பு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இரைப்பு வராமல் தடுக்கக் கொடுத்த குழலை, சுகமாயிருக்கும் நாளிலும் தவறாமல் எடுக்க வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். சீட்டு மட்டும் எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் "செய்து காட்டுங்கள்" என்று கேட்பது நோயாளியின் உரிமையே தவிர அவமரியாதையல்ல. ஆகவே வாலிபத் தோழர்களே, வீட்டுப் பெரியவர்களைக் கோவிலுக்கு அழைத்துப் போகுமுன், அவர்கள் மருந்தை எப்படி இழுக்கிறார்கள் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலைவிதி என்று விட்டதில் பெரும்பாகம் நம் அசட்டையே என்பது அப்போது விளங்கும்.