பூனையை விரட்டினால் தெள்ளு போகாது

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் தெருவில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். கணுக்காலில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு, பிள்ளைகள் ராத்திரியெல்லாம் சொறிகிறார்கள், எல்லாம் பூனையால் வந்தது. அடுத்த இரண்டு நாளில் அந்த வீட்டுப் பூனை சாக்குப்பைக்குள் போய்விடும். மீன் மார்க்கெட் ஓரத்தில் பையை அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள்.

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அப்படித்தான் விட்டுவிட்டு வந்தாள். “சோத்துக்குக் கஷ்டப்படாத இடமாப் பாத்துத்தான்க்கா விட்டேன்” என்றாள். கொஞ்ச நாள் கழித்து அவளே வந்து, “பூனை போனப்புறம்தான்க்கா கடி ஜாஸ்தியா இருக்கு. எப்படிக்கா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன். மார்க்கெட்டுக்குப் போகவிருக்கும் இன்னொரு பூனையாவது வீட்டில் தங்க வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

தெள்ளுப்பூச்சி பூனை மேல் மட்டும் இருப்பதில்லை. ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் நூற்றுக்கு ஐந்துதான் பூனையின் உடம்பில் இருக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையிலும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன. ரத்தம் குடித்த பெண் தெள்ளு ஒன்றிரண்டு நாளில் முட்டையிட ஆரம்பிக்கிறது. நல்ல நிலையில் ஒரு நாளைக்கு 40 முட்டைகூட இடும். அந்த முட்டை ரோமத்தில் ஒட்டாது. பூனை எங்கெல்லாம் படுத்து எழுகிறதோ அங்கெல்லாம் உதிரும். பொரிந்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. கட்டிலுக்கு அடியிலும் பழந்துணி மூட்டைக்குள்ளும் புகுந்துகொண்டு, பெரிய தெள்ளுகள் கழித்துப் போட்ட காய்ந்த ரத்தத் துகளைத் தின்று வளரும். ஈரக்காற்று அதற்கு மிகவும் வேண்டும். மழைக்காலத்தில் தொல்லை கூடுவதற்குக் காரணம் அதுதான்.

பிறகு கூடு கட்டும். எல்லாச் சிக்கலும் இந்தக் கூட்டில்தான். பிசுபிசுப்பான கூடு, சுற்றிலும் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. எந்த மருந்து அடித்தாலும் உள்ளே சரியாக இறங்காது. உள்ளிருக்கும் தெள்ளு வளர்ந்து முடிந்த பிறகும் உடனே வெளியே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடும் மூச்சு, இவை பட்டால்தான் கூட்டைப் பிளந்துகொண்டு பாயும். கோடை விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போன வீட்டைத் திறந்து உள்ளே நுழைந்ததும் காலில் மொய்த்துக்கொள்கிறதே, அது இதனால்தான்.

பூனையை விரட்டிய வீட்டிலும் இதேதான் நடக்கிறது. கூடுகள் அப்படியே கிடக்கின்றன, தெள்ளு வெளியே வந்துகொண்டேயிருக்கிறது. அதற்குப் பிடித்த உடம்பு வீட்டில் இல்லை. அதனால் மனிதக் காலில் ஏறுகிறது. மருந்து போட்ட பூனை அந்த வீட்டில் இருந்திருந்தால், புதிதாக வருகிற தெள்ளுகளில் பெரும்பாலானவை அதன் மேல்தான் ஏறியிருக்கும். ஏறியவை முட்டையிடுவதற்குள் செத்திருக்கும். வீட்டைச் சுத்தமாக்கித் தரக்கூடிய ஜீவனைத்தான் நாம் பையில் கட்டிக் கொண்டுபோய் விடுகிறோம்.

மருந்து என்றால் மருத்துவர் தருவது. ஃபிப்ரோனில், செலமெக்டின் போன்றவை பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், ரோமத்தை விலக்கித் தோலில் விடும் சொட்டு மருந்தாகக் கிடைக்கின்றன. பூனையின் எடைக்கும் வயதுக்கும் தக்கபடி அளவு. வீட்டில் நாயோ இன்னொரு பூனையோ இருந்தால் அவற்றுக்கும் ஒரே நேரத்தில் அதனதன் மருந்து. குறைந்தது மூன்று மாதமாவது, மருத்துவர் சொன்ன இடைவெளியில், விடாமல் போட வேண்டும். முதல் சொட்டு விட்ட பிறகும் சில வாரங்களுக்குத் தெள்ளு கண்ணில் படும். பழைய கூடுகளிலிருந்து வருபவை அவை. “மருந்து பலிக்கல” என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். விடாதீர்கள்.

இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். கொஞ்சம்தானே என்று நினைத்துக்கூடப் போடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. சில மணி நேரத்தில் உடம்பு நடுங்கும், எச்சில் வழியும், வலிப்பு வரும், செத்தும் போகும். தெரியாமல் போட்டிருந்தால், வலிப்பு இல்லாத நிலையில், பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு அலசி உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வலிப்பு வந்துவிட்டால் அலசவும் நிற்காதீர்கள். கற்பூரம் கரைத்த எண்ணெய், மண்ணெண்ணெய், அந்துருண்டை, பினாயில் எதுவும் வேண்டாம். பூனை தன் உடம்பை நக்கித் துடைக்கும் பிராணி. மேலே தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலும் அப்படித்தான்.

அப்படி நக்கி நக்கித் தெள்ளையும் விழுங்கிவிடுவதால், சில பூனைகள் மேல் ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாது. வெள்ளைத் துணியில் நிறுத்தி, வாலின் அடியிலும் கழுத்திலும் பேன் சீப்பால் வாரிப் பாருங்கள். உதிரும் கருப்புத் துகளில் தண்ணீர் தெளித்தால், மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளு கழித்த ரத்தம்.

சின்னக் குட்டிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கையளவு உடம்பில் நிறையத் தெள்ளு ஏறினால் ரத்தசோகை வந்தே குட்டி செத்துவிடும். ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை சீப்பால் வாரி, வரும் தெள்ளைச் சோப்பு நீரில் முக்குங்கள். அந்த வயதில் எந்த மருந்து ஆகும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இனி வீடு. பூனை வழக்கமாகப் படுக்கும் இடம் எதுவோ அங்கேதான் முட்டை குவிந்திருக்கும், முதலில் அதைப் பிடியுங்கள். அதன் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில் பாய், மெத்தை, கால்மிதி எல்லாம் மொட்டைமாடிக்குப் போகட்டும். உலர்ந்த சூட்டில் புழு தாங்காது. வேக்குவம் கிளீனர் இருந்தால் சோபா இடுக்கிலும் கட்டிலின் அடியிலும் தினமும் ஓட்டலாம். அந்த அதிர்வில் கூட்டுக்குள் இருப்பவை விழித்து வெளியே வந்துவிடும், அதுவும் நல்லதுதான். தூசியை அன்றன்றே வெளியே கொட்டிவிட வேண்டும். துடைப்பம்தான் என்றால், கூட்டியதைத் திண்ணையில் தள்ளாமல் பையில் கட்டி எறியுங்கள்.

நாடாப்புழு விஷயமும் இருக்கிறது. தெள்ளை விழுங்கும் பூனைக்கு அந்தப் புழு வரும். ஆசனவாயருகே அரிசி மணி ஒட்டியதுபோல் தெரிந்தால் அதுதான். தரையில் தவழும் குழந்தை தெள்ளை விழுங்கிவிட்டால் அதற்கும் வரலாம், மருந்தில் சரியாகிவிடும். எனவே சொட்டு மருந்து வாங்கப் போகும்போது குடற்புழு மருந்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. மாடும் ஆடும் நிற்கிற வரிசையில் பூனையோடு நிற்கத் தயங்க வேண்டியதில்லை. மூடியுள்ள கூடையில் கொண்டுபோங்கள், எடையை அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.