ஒல்லிப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்?

வீட்டில் ஒல்லியான பிள்ளை ஒருத்தி இருந்தால் வருகிறவர்கள் எல்லோரும் டொக்டர்கள்தான். "புள்ளைக்கு ஒண்டும் திங்கக் குடுக்கிறல்லயா?" என்று உம்மாவிடம் கேட்பார்கள். "காத்தடிச்சாப் பறந்திருவாய் போல" என்று என்னிடம் சொல்வார்கள். பருமனான பிள்ளையிடம் அவளது நிறையைப் பற்றி முகத்துக்கு நேரே பேசக்கூடாது என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஒல்லிக்கு அந்த மரியாதை இன்னும் வந்து சேரவில்லை.

என் உயரம் 157 சென்ரிமீற்றர். வருடத் தொடக்கத்தில் நிறை 42 கிலோ. இரத்தம் சோதித்தாயிற்று, தைரொயிட் சோதித்தாயிற்று, பூச்சி மருந்தும் குடித்தாயிற்று. நோய் ஒன்றுமில்லை, வாப்பாவின் குடும்பத்து உடல்வாகு என்று டொக்டர் சொல்லிவிட்டார். (நிறை திடீரென்று குறைந்தாலோ, தாகமும் களைப்பும் சேர்ந்து வந்தாலோ கட்டாயம் காட்டத்தான் வேண்டும். அது வேறு விடயம்.) இவ்வளவுக்குப் பிறகும் ஆலோசனைகள் நின்றபாடில்லை. ஏனென்றால் அவற்றின் அடியில் கிடப்பது என் சுகம் அல்ல, கலியாணப் பேச்சு. "மாப்பிள்ளை பேசுற வயசு வருகுது" என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. கன்னம் ஒட்டியிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆகவே எங்களுக்காகத் தேடப்படுவது கன்னத்துக்குக் கொஞ்சம் சதை. கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் பலம் வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் வழக்கு இதுதான்.

கன்னத்தை மட்டும் பார்த்தால் குறுக்கு வழி உண்டு. கொழுக்க வைக்கும் குளிசை என்று கைமாறி வருகின்றவற்றில் என்ன இருக்கலாம் என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது நல்லது. சைப்ரோஹெப்டடீன் என்பது ஒவ்வாமைக்கான மருந்து. பசியைக் கூட்டுவதும் தூங்கி வழிய வைப்பதும் அதன் பக்க விளைவுகள். டெக்சாமெதசோன், பிரெட்னிசோலோன் இரண்டும் ஸ்டீரொயிட் வகை. டொக்டர் தக்க காரணத்தோடு தந்தால் அவை உயிர் காக்கும். சதை போடுவதற்காக மாதக் கணக்கில் விழுங்கினால் முகம் ஊதும், உடம்பில் நீர் தங்கும், பார்க்கிறவர்கள் "பிள்ளை தேறிட்டா" என்பார்கள். அதே நேரத்தில் கைகால்களின் தசை கரைந்துகொண்டிருக்கும், எலும்பும் பலவீனமாகும். தேறிவிட்டாள் என்று புகழப்படுகிறவள் உள்ளே மெலிந்துகொண்டு போகிறாள்! தொடர்ந்து எடுத்தவர் தன் பாட்டில் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டின்னில் வரும் நிறை கூட்டும் மாவை வாங்குமுன் லேபலைத் திருப்பிப் பாருங்கள். பல டின்களில் முதலிடத்தில் நிற்பது சீனி அல்லது மோல்டோடெக்ஸ்ட்ரின். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று உம்மாவே கணக்குப் போட்டுவிடுவார்.

உயிரியல் வகுப்பில் அக்டினும் மயோசினும் படிக்கிறோம், படம் கீறிப் பெயர் குறிக்கிறோம். அவை நம் கைக்குள்ளேயே இருக்கின்றன என்பது ஏனோ மறந்துபோகிறது. பழகியதை விடச் சற்றுக் கூடுதலான பாரத்தைத் தசைக்குக் கொடுத்து, பிறகு அதற்குப் புரதமும் ஓய்வும் கொடுத்தால் தசைநார்கள் தடிக்கின்றன. முதல் சில வாரங்களில் தராசு அசையாது. அப்போது நரம்புகள்தான் வேலை பழகுகின்றன. அதனால் நிறை கூடுமுன்பே பலம் கூடும். இதை அறியாததால்தான் பலர் மூன்றாம் வாரத்தில் கைவிடுகிறார்கள். ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவாய் என்று பயம் காட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல்: பெண்ணுடம்பில் டெஸ்டஸ்டரோன் மிகக் குறைவு. புத்தகப்பை தூக்கிப் பயிற்சி செய்தால் மீசை முளைக்காது.

ஆம், புத்தகப்பைதான். கிழமைக்கு மூன்று நாள், சுபஹு தொழுத பிறகு இருபத்தைந்து நிமிடம். கதிரையில் உட்கார்ந்து எழும்புவது போல முழங்கால் மடித்து எழும்புவேன். சுவரில் கையூன்றித் தள்ளிப் பழகி, இப்போது கட்டில் விளிம்பில் கையூன்றுகிறேன். பைக்குள் இரண்டு புத்தகத்தோடு தொடங்கினேன், இன்று ஐந்து. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று நிரம்பினால் ஐந்து கிலோ, இரண்டு கையிலும் இரண்டு கான். ஒவ்வொரு கிழமையும் ஒரு தடவையோ இரண்டு தடவையோ கூட்ட வேண்டும். நான்கு மாதத்தில் இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறது. கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று மாமி குறைப்படுகிறார். காஸ் சிலிண்டரை அடுப்படிக்கு நகர்த்த இப்போது தம்பியைத் தேடுவதில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

சாப்பாட்டில் ஒல்லிப் பிள்ளைகளின் சிக்கல் வேறு. எங்களுக்கு வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். பீங்கானில் சோற்றைக் குவித்து "முடிச்சிட்டு எழும்பு" என்பதால் பயனில்லை. இடையிடையே கொடுங்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. அவித்த பயறு, பருப்பு, நெத்தலிக் கருவாடு, கச்சான், வாழைப்பழம் எல்லாம் ஊர்க் கடையிலேயே கிடைக்கின்றன. சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் மட்டும் நல்லதல்ல. தேயிலை உணவிலுள்ள இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது, எங்கள் வயதுப் பெண்களுக்கோ இரும்புதான் அதிகம் தேவை. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் என்ன? நோன்பு காலத்தில் ஸஹரைத் தவறவிடாமல் ஒரு முட்டையையும் சேர்த்துக்கொண்டால் நிறை அவ்வளவாக இறங்காது.

ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் வெள்ளரிக்காயோடு பேரீச்சம்பழம் சாப்பிட்டு உடம்பு தேறிய செய்தி ஹதீஸில் வருகிறது. உம்மம்மா அதை அடிக்கடி எடுத்துச் சொல்வார். சந்தோஷம், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அதே ஆயிஷா நாயகி ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களோடு ஓட்டப்போட்டி ஓடி, மெல்லிய உடம்போடு இருந்தபோது வென்றார்கள், சதை போட்ட பிறகு தோற்றார்கள் என்ற செய்தியும் இருக்கிறது. பேரீச்சம்பழத்தைச் சொல்லித் தருகிறவர்கள் ஓட்டத்தை ஏன் சொல்வதில்லை? 2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபோடு பாரம் தூக்கி வெண்கலம் வென்ற எகிப்தின் ஸாரா ஸமீருக்கு அப்போது வயது 18, உயர்தரம் எழுதும் பிள்ளையின் வயது. 2024 இல் பரிஸில் அவர் வெள்ளியும் வென்றார்.

எங்கள் நாளைப் பாருங்கள். சாதாரண தரத்தோடு விளையாட்டுப் பாடவேளை நேரசூசியை விட்டுப் போய்விடுகிறது. இரண்டு மணி வரை வகுப்பு, பிறகு டியூஷன், மக்ரிபுக்குள் வீடு, இரவு மேசை. எலும்பும் தசையும் கட்டிக்கொள்ள ஏற்ற வயதில் நாங்கள் கதிரையில் இருக்கிறோம். 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும், கிழமைக்கு மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. என் தம்பிக்கு அஸருக்குப் பிறகு கடற்கரையில் அது தானாகக் கிடைக்கிறது. அவன் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. எனக்குக் கடற்கரை இல்லை என்பதுதான் பேச்சு.

கல்லூரியிடம் கேட்பது சிறியது. கிழமையில் இரண்டு நாள் காலைக் கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் பிரதான மண்டபத்தைத் திறந்து தாருங்கள். திரைச்சீலை இருக்கிறது, கதவு மூடலாம், ஓர் ஆசிரியை உடனிருந்தால் போதும். பாய்களை நாங்களே கொண்டுவருவோம், பாரத்துக்குப் புத்தகப்பைகள் இருக்கின்றன. பெற்றோரிடம் கேட்பது அந்த இரண்டு நாளும் ஓட்டோவை அரை மணி முந்தி அனுப்புவது மட்டும். உயிரியல் பிரிவிலும் கலைப் பிரிவிலுமாக இதுவரை பதினெட்டுப் பேர் பெயர் தந்திருக்கிறோம். அவர்களில் ஒல்லிகள் ஏழு பேர்தான்.