முட்டைச் சக்கரம்

பிரான்ஸ் தேசத்து மோட்டார்ப் பந்தயப் படம் ஒன்று உலகப் பிரசித்தி பெற்றது. ஆறாம் எண் தீட்டிய வண்டி பறக்கிறது. அதன் முன்பாகம் படத்தின் ஓரத்தில் வெட்டுண்டு போயிற்று. வட்டமாயிருக்க வேண்டிய சக்கரம் முட்டையைப்போல் நீண்டு முன்னே சாய்கிறது. பாதையோரத்து ஜனங்களோ, கம்பங்களோடு சேர்ந்து பின்னே சாய்கிறார்கள்!

படம் பிடித்தவர் ஜாக் ஆன்ரி லார்த்தீக். 1894-இல் பிறந்த அவருக்கு அப்போது இருபது வயதும் நிரம்பவில்லை. 1912 என்று நெடுங்காலம் குறிக்கப்பட்டு வந்த ஆண்டை 1913 என்று பின்னால் ஆராய்ந்தோர் திருத்தினர்.

இந்த விந்தைக்குக் காரணம் யாது? அக்காலத்துப் பெரிய காமிராவில் ஒரு படத்திற்கு ஒரு கண்ணாடித் தகடு. தகட்டை ஒட்டி ஒரு கறுப்புத் திரை. அதில் குறுகிய இடைவெளி. அவ்விடைவெளி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடும்போது ஒளி தகட்டில் விழும். ஆகவே முழுக் காட்சியும் ஒரே கணத்தில் பதிவதில்லை. சக்கரத்தின் அடிப்பாகம் முதலில் பதிந்தது. மேற்பாகம் பதிவதற்குள் வண்டி சிறிது முன்னேறிவிட்டது. வாலிபரும் வண்டியைத் தொடர்ந்து காமிராவைத் திருப்பினார். ஆனால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அத்திருப்பத்தால் அசையாது நின்றவர்கள் பின்னே சாய்ந்தனர். கருவியின் குறையும் கையின் தாமதமும் கூடி, கண்ணுக்குப் புலப்படாத வேகத்தைக் கண்ணுக்குக் காட்டிவிட்டன.

கோணலாயிற்றே என்று அவர் அத்தகட்டை உடைத்தெறியவில்லை. 1963-இல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலை அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகே உலகம் அவரை அறிந்தது. அதற்குள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது.

நிற்க. இதை எழுதுகையில் நம் மனத்தை ஒன்று உறுத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நம் வகுப்பில் ஒரு சிறுவன் ஓடும் மாட்டு வண்டியை வரைந்தான். சக்கரம் முட்டை வடிவமாயிருந்தது. "சக்கரம் வட்டமானது என்றுகூடத் தெரியாதா?" என்று கேட்டு, சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அதன்பின் அவன் வட்டத்தைக் காசு வைத்தே வரைந்தான். ஓடும் வண்டியை வரையவேயில்லை.

"ஏனப்பா இப்படி வரைந்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சுதந்திர தேசத்துக்குக் காசு வைத்து வட்டமிடும் கைகள் மட்டும் போதா. பெற்றோரும் நம்மைப் போன்ற ஆசிரியரும் சிவப்பு மையைத் தொடுமுன் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவோமாக.